திரைவாசிப்பியோடு உளவு மென்பொருளை நீக்குதல்

2009 இல் எறிகணைச் சிதறல் பட்டு எனது இரண்டு கண்களின் பார்வையும் போனது. எங்கள் பூர்வீகம் நிவித்திகல பக்கத்துத் தோட்டமொன்று. 1981 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிக்குப் போன குடும்பம். இப்போது மீண்டும் நிவித்திகலவில், அக்காவின் லயன் வீட்டில் இருக்கிறேன்.

போன வருடம் எனது மடிக்கணினி தானாகவே விளம்பரப் பக்கங்களைத் திறக்கத் தொடங்கியது. கணினி தெரிந்த ஒரு பொடியனிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனைப் பற்றிய கடிதங்கள், சாட்சியங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. உளவை நீக்குவதற்காக அவற்றை இன்னொருவர் கண்ணில் காட்ட மனம் வரவில்லை.

நான் பாவிப்பது என்.வி.டி.ஏ. அவுஸ்திரேலியாவில் விழிப்புலனற்ற இருவர் 2006 இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பி, தமிழிலும் பேசும். அதைக் கணினியில் முறையாக நிறுவியிருக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து இயக்கினால், விண்டோஸ் அனுமதி கேட்கும் திரையில் ஊமையாகிவிடும். நான் முதலில் தடுமாறியது அங்கேதான்.

இணையத்தில் கிடைக்கும் நீக்கிகள் பலவற்றின் பொத்தான்கள் வெறும் படங்கள். திரைவாசிப்பி அவற்றின் பெயரைச் சொல்லாது. இன்சேர்ட் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் விண்டோஸ் 10, 11 இல் திரையிலுள்ள எழுத்துகளைப் படித்துக் காட்டும். ஆனால் ஒரு பெட்டியில் சரி அடையாளம் விழுந்திருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. அதை நம்பி ‘எல்லாவற்றையும் அழி’ என்பதை அழுத்தினால் தேவையான கோப்பும் போகலாம்.

அதனால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே நமக்கு நல்லது. தொடக்கப் பட்டியலில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்கு டாப் விசையால் போங்கள். ‘ஸ்கேன் ஒப்ஷன்ஸ்’ பகுதியில் அம்பு விசையால் முழுச் சோதனையைத் தெரியலாம். சோதனை நகர நகர என்.வி.டி.ஏ.யின் பீப் ஒலி உயர்ந்துகொண்டே போகும். பழைய கணினியில் மணிக்கணக்காகும். அக்கா பொறுமையிழந்து, இது எப்போது நிற்கும் என்று கேட்டார். இன்சேர்ட்டும் யூவும் சேர்த்து அழுத்தி ஒலியை மாற்றலாம்.

அதற்கும் போகாவிட்டால் ‘ஒஃப்லைன்’ சோதனை இருக்கிறது. திறந்திருப்பவற்றைச் சேமித்து, சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். கணினி மீள இயங்கும். சுமார் 15 நிமிடம் என்.வி.டி.ஏ. பேசாது. செயலிழந்துவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். முடிந்ததும் தானே திறக்கும். அகப்பட்டவை பாதுகாப்பு வரலாற்றில் இருக்கும். எனக்கு இந்தச் சோதனைதான் கைகொடுத்தது.

ஆண்ட்ராய்டு கைபேசியில் விஷயம் வேறு. டோக்பேக் நமக்குத் திரையை வாசிக்கப் பயன்படுத்தும் அதே அணுகல் அனுமதியைத்தான் உளவுச் செயலிகளும் தந்திரமாகக் கேட்கின்றன. டோக்பேக்கை இயக்கும் பக்கத்திலேயே அனுமதி பெற்ற மற்றச் செயலிகளின் பெயர்களும் இருக்கும். தெரியாத பெயர் இருந்தால் அனுமதியை நிறுத்திவிட்டுச் செயலியை நீக்குங்கள். நீக்க விடாவிட்டால், சாதன நிர்வாகிப் பட்டியலிலும் அது புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டிலுள்ள ஒருவரே அதைப் போட்டிருப்பார் என்று சந்தேகமிருந்தால் உடனே நீக்க வேண்டாம். நீக்கியது அவருக்குத் தெரிந்துவிடும், சாட்சியும் அழியும். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம், வேறொரு கைபேசியிலிருந்து பேசுங்கள். கடவுச்சொற்களை மாற்றுவதும் அந்தக் கைபேசியிலேயே இருக்கட்டும்.