பேருந்தில் ஏறிய ஐந்து கிலோ பிசின்

1960களின் தொடக்கத்தில் ஒரு நாள். இஸ்ரேலில் டெல் அவிவிலிருந்து ரெஹோவோத் போகும் பேருந்தில் ஓர் இளம் வேதியியலாளர் ஏறினார். அவர் பையில் ஐந்து கிலோ கஞ்சா பிசின். காவல் துறை பறிமுதல் செய்து வைத்திருந்ததை ஆராய்ச்சிக்கென்று கேட்டு வாங்கி வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன வாடை இது என்று பேசிக்கொண்டார்கள். அவர்தான் ரஃபேல் மெக்கூலம். 1964இல் அவரும் யெஹியேல் காவோனியும் அந்தப் பிசினிலிருந்து போதை தரும் பொருளைத் தனியே பிரித்து, அதன் அமைப்பையும் கண்டு சொன்னார்கள். அதுதான் டி.எச்.சி.

ஒரு செடியின் சரக்கு நம் மூளையில் போய் ஒட்டிக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? 1988இல் அமெரிக்காவில் அலின் ஹவ்லெட்டின் ஆய்வகம் அதற்கான ஏற்பியைக் கண்டறிந்தது. 1992இல் மெக்கூலமின் குழு, அந்த ஏற்பிக்காக மூளை தானே உண்டாக்கும் பொருளைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தது. பெயர் ஆனந்தமைடு. நாம் அன்றாடம் சொல்லும் அதே ஆனந்தம்தான்.

பிறகு டி.எச்.சி. ஸ்பெயினின் மாட்ரிட் போனது. கொம்ப்ளுதென்சே பல்கலைக்கழகத்தில் மானுவேல் குஸ்மானின் குழு, கிளையோமா என்னும் மூளைப்புற்றின் செல்கள் மீது அதை விட்டுப் பார்த்தது. செல்கள் மடிந்தன. 2000இல் எலிகளின் மூளைக்கட்டிக்குள் செலுத்தினார்கள். பதினைந்தில் மூன்று எலிகளுக்குக் கட்டியே மறைந்தது. செல்லுக்குள் செராமைடு என்ற கொழுப்பு சேர, அந்த நெருக்கடியில் செல் தன்னைத்தானே செரித்துக்கொண்டு சாகிறது என்று பின்னால் விளக்கம் கிடைத்தது.

மனிதருக்கு வந்தது அதே ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில். அறுவை, கதிர்வீச்சு இரண்டும் முடிந்தும் கிளையோமாவின் கொடிய வகையான கிளையோபிளாஸ்டோமா திரும்பி வளர்ந்த ஒன்பது பேர் சம்மதித்தார்கள். கட்டி இருந்த இடத்தில் மெல்லிய குழாயின் நுனியை வைத்து, அதன் வழியே டி.எச்.சி. கரைசலை மெதுவாக இறக்கினார்கள். 2006இல் முடிவு வெளியானது. மருந்து தந்த நாளிலிருந்து அவர்களின் இடைநிலை ஆயுள் 24 வாரம். ஒப்பிட வேறு குழு இல்லாததால் ஆயுள் கூடியதா என்று சொல்ல வழியில்லை. மனித மூளைக்குள் இதைப் பாதுகாப்பாகச் செலுத்தலாம் என்று அந்த ஒன்பது பேர் நமக்குக் காட்டினார்கள். அவர்களை நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

அடுத்து பிரிட்டன். டி.எச்.சி.யும், கஞ்சாவிலுள்ள போதை தராத இன்னொரு பொருளான சி.பி.டி.யும் ஏறக்குறையச் சம அளவில் கலந்த, வாயில் தெளிக்கும் சேட்டிவெக்ஸ் மருந்தை டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்துடன் சேர்த்து, கிளையோபிளாஸ்டோமா திரும்பியவர்களுக்குக் கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, அது கிடைத்த 12 பேரில் 83 சதவீதத்தினரும், வெற்றுத் தெளிப்பு கிடைத்த 9 பேரில் 44 சதவீதத்தினரும் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். மொத்தமே 21 பேர். இதை வைத்து மருந்து என்று முடிவு கட்ட முடியாது; ஆராயாமல் விட்டுவிடவும் கூடாது. அதனால்தான் 232 நோயாளிகளைச் சேர்க்கும் திட்டத்துடன் ‘அரிஸ்டோக்ராட்’ சோதனையை லீட்ஸ் பல்கலைக்கழகப் புற்றுநோய் மருத்துவர் சூசன் ஷார்ட் தலைமையில் 2023இல் தொடங்கினார்கள்.

வீட்டில் இந்த நோயோடு ஒருவர் இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாரோ விற்கும் கஞ்சா எண்ணெயை நம்பி நடக்கிற சிகிச்சையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். மூளைக்கட்டி உள்ளவர்கள் பலர் வலிப்பு மாத்திரையும் சாப்பிடுகிறார்கள்; அவற்றில் ஒன்றான குளோபசாமின் வீரியத்தை சி.பி.டி. உடம்பில் ஏற்றிவிடும்.