நிலக்கடலையின் குறுகிய குரோமோசோம்

நிலக்கடலையின் குரோமோசோம்கள் எளிதில் பிடிகொடுப்பவை அல்ல. மொத்தம் 40, எல்லாம் சிறியவை, ஏறத்தாழ ஒரே வடிவினவை. 1933இல் அமெரிக்க ஆய்வாளர் லாட்லி ஹஸ்டெட் அவற்றுள் இரண்டு இணைகளை மட்டுமே தனித்து அடையாளம் கண்டார். அவற்றில் மிகக் குறுகியதற்கு ‘ஏ’ என்று பெயரிட்டார்.

அந்த இணை ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் செய்தி. நிலக்கடலை நான்மடியம். ஒரே மூதாதையின் தொகுதி இரட்டித்து இப்பயிர் தோன்றியிருந்தால், அத்தகைய இணைகள் இரண்டு இருந்திருக்க வேண்டும். ஆகவே இதில் கலந்தவை வெவ்வேறு இரு காட்டினங்கள். குறுகிய இணை உள்ள தொகுதி ஏ எனவும், இல்லாதது பி எனவும் பிற்காலத்தில் வழங்கப்பட்டன. பி தொகுதியின் மூலத்தைத் தேடியவர்கள் நெடுங்காலம் பாட்டிசோகோய் என்னும் இனத்தைச் சுட்டினர். இபாயென்சிஸே அம்மூலம் என்பது பின்னரே தெளிந்தது.

இந்தியாவில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. துருநோயும் இலைப்புள்ளி நோயும் விளைச்சலைச் சேர்ந்தே தின்றன. வலுவான எதிர்ப்பு காட்டினங்களில்தான் இருந்தது. பட்டான்செருவின் இக்ரிசாட் நிறுவனத்தில் ஏ.கே. சிங்கும் ஜே.பி. மாஸும் அவ்வினங்களின் குரோமோசோம் அமைப்பை விவரித்து 1982இல் வெளியிட்டனர். தடை எளியது, கடப்பதுதான் கடினம். 40 உடைய பயிரை 20 உடைய காட்டினத்தோடு கலந்தால் பிறப்பது 30 உடைய மும்மடியம். குன்றல் பகுப்பில் துணையற்ற குரோமோசோம்கள் திசைகெட்டுப் போவதால் அது பெரும்பாலும் மலடு. கால்ச்சிசினால் எண்ணிக்கையை 60 ஆக்கினால் விதை பிடிக்கும். பிறகு பயிரோடு மீண்டும் மீண்டும் கலந்து 40க்கு இறங்க வேண்டும். தலைமுறைதோறும் நுண்ணோக்கியின் கீழ் எண்ண வேண்டும். இந்த உழைப்பு ஆய்வேடுகளில் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது.

பொலிவியாவின் அராக்கிஸ் கார்டினாசி ஏ தொகுதி இனம். அதன் குரோமோசோம்கள் நிலக்கடலையின் ஏ தொகுதியோடு இணைந்து துண்டுகளை மாற்றிக்கொள்ள வல்லவை. அக்கலப்பின் வழிவந்த ஐசிஜிவி 86855 என்னும் வரிசையிலிருந்து தார்வாடு வேளாண் பல்கலைக்கழகம் ஜிபிபிடி 4 இரகத்தை உருவாக்கியது. அது இரு நோய்களையும் தாங்குகிறது. அந்த எதிர்ப்பின் முதன்மைப் பகுதி ஏ தொகுதியின் 3ஆம் குரோமோசோமில் இருப்பதை மரபு வரைபடங்கள் பின்னர் காட்டின.

2016இல் இரு மூதாதையரின் மரபுத்தொகுதிகளும் வரிசைப்படுத்தி வெளியிடப்பட்டன. ஹஸ்டெட்டின் குறுகிய இணை அதில் 8ஆம் எண் பெற்றது. நுண்ணோக்கி வழி ஆய்வுகளில் அதன் எண் 9. இரு மரபுக் கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் இன்றும் இங்கே தடுமாறுகிறார்.