எழுத்தை உதிர்த்தால் இன்னொரு சொல்

கோகநகம் என்றால் தாமரை. தலையிலுள்ள 'கோ'வை எடுத்தால் கநகம், பொன். இன்னொரு எழுத்தை உதிர்த்தால் நகம், மலை. இப்படிச் சுருங்கச் சுருங்கப் பொருள் மாறும் விளையாட்டுக்கு இலக்கணம் வைத்த பெயர் அக்கரச்சுதகம். கீழிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வளர்த்தால் அதுவே எழுத்து வருத்தனம்.

12ஆம் நூற்றாண்டின் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், தன் மூன்றாம் பகுதியான சொல்லணியியலில் இவற்றை எழுத்தாலும் சொல்லாலும் வித்தை காட்டும் சித்திரக்கவி வகைகளுள் சேர்க்கிறது. புலவர் சொல்லை நேராகச் சொல்லமாட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்பு மட்டும் தருவார். மறைந்த சொல்லைக் கண்டுபிடிப்பது கேட்பவரின் வேலை.

எழுத்தைக்கூட எடுக்க வேண்டியதில்லை. இரண்டு மாத்திரை நெடிலை ஒரு மாத்திரைக் குறிலாக்கினால் வாரம் வரமாகும், பாடம் படமாகும். இது மாத்திரைச் சுருக்கம்.

இவற்றிலெல்லாம் வியப்பானது காதை கரப்பு. ஒரு வெண்பாவைப் பின்னிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் படித்தால், உள்ளே வேறொரு செய்யுள் ஒளிந்திருக்கும். இரண்டுமே பொருளும் யாப்பும் பிசகாமல் நிற்க வேண்டும். இதை வெறும் சொல் வித்தை என்று ஒதுக்குவது நியாயமல்ல. மொழியின் ஒவ்வோர் எழுத்தையும் கைக்குள் வைத்திருந்தவர்களால் மட்டுமே முடிந்த காரியம் இது.

அச்சுக் காலத்திலும் அக்கறை அற்றுப்போகவில்லை. 1903இல் மறைந்த தமிழறிஞர் பரிதிமாற்கலைஞர் 'சித்திரக்கவி விளக்கம்' என்று ஒரு நூலே எழுதினார். இன்று வகுப்பறையில் 'மரகதம்' என்று கரும்பலகையில் எழுதினால், மரம், ரதம், மதம் எனப் பிள்ளைகள் அடுக்கிவிடுகிறார்கள்.