ஒரே வார்ப்பில் ஒரு கதவு

ஜெர்மனியின் பழைய சாக்சனிப் பகுதியில், ஹில்டஸ்ஹைம் நகரத்துப் பேராலயத்தில், 1,000 ஆண்டு கடந்த இரட்டை வெண்கலக் கதவு ஒன்று இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 4.7 மீட்டர். இரண்டு கதவுகளும் தனித்தனியே, உருவங்களும் சட்டங்களும் சேர, ஒரே வார்ப்பில் பிறந்தவை. சிறு பலகைகளாக வார்த்து மரத்தில் அறைந்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அந்த எளிய வழியை விட்டவர் ஆயர் பெர்ன்வர்ட்.

அப்போது பேரரசர் முடி சாக்சனி அரச குடும்பத்திடம் இருந்தது. அந்தக் குடும்பத்துச் சிறுவன் மூன்றாம் ஓட்டோவுக்கு ஆசிரியராக இருந்தவர் பெர்ன்வர்ட். 993இல் ஹில்டஸ்ஹைமின் ஆயரானார். வளர்ந்த ஓட்டோ, ரோமையே மீண்டும் பேரரசின் தலைநகராக்க ஆசைப்பட்டு அங்கேயே தங்கினான். 1001இல் பழைய மாணவனைப் பார்க்க பெர்ன்வர்ட் ரோமுக்குப் போனார். அங்கே சாந்தா சபீனா ஆலயத்தில், விவிலியக் காட்சிகள் செதுக்கிய ஐந்தாம் நூற்றாண்டு மரக்கதவு உண்டு. அதை அவர் பார்த்திருப்பார் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடுத்த ஆண்டே ஓட்டோ இளம் வயதில் இறந்துபோனான். ரோமைப் பற்றிய அவன் கனவு, என் பார்வையில், ஆசிரியரின் பட்டறையில்தான் தொடர்ந்தது.

வடக்கே வெண்கலக் கதவுகள் புதிதல்ல. பேரரசர் சார்லமேன் ஆகன் நகரில் வார்க்கச் செய்தவை முன்பே இருந்தன; ஆனால் அவற்றில் சிங்க முகங்கள் உண்டு, கதை கிடையாது. பெர்ன்வர்ட் தம் கதவில் 16 காட்சிகளை வைத்தார். இடப்பக்கம் ஆதியாகமம், படைப்பில் தொடங்கி ஆபேலின் கொலைவரை கீழே இறங்குகிறது. வலப்பக்கம் இயேசுவின் கதை, மரியாளுக்கு வானதூதர் சொன்ன செய்தியில் தொடங்கி மேலே ஏறுகிறது. இறங்குவதும் ஏறுவதும் பக்கத்துக்குப் பக்கம் பேசிக்கொள்கின்றன: விலக்கப்பட்ட மரத்துக்கு நேரே சிலுவை மரம், பிள்ளையை மடியில் ஏந்திய ஏவாளுக்கு நேரே குழந்தையோடு மரியாள்.

எனக்கு மிகப் பிடித்தது நான்காவது காட்சி. கடவுள் குனிந்து ஆதாமை நோக்கி விரல் நீட்டுகிறார். ஆதாம் கூனிக் குறுகி ஏவாளைக் காட்டுகிறான். ஏவாள் கீழே கிடக்கும் பாம்பைக் காட்டுகிறாள். குற்றம் கைமாறிக் கைமாறித் தரையில் போய் விழுகிறது. சுற்றிலும் வெறும் வெளி, சில செடிகள். உருவங்களின் கால்கள் பரப்போடு ஒட்டியிருக்க, தலையும் தோளும் முன்னால் புடைத்துத் துருத்துகின்றன. ரோமின் மரக்கதவில் இந்தத் துருத்தல் இல்லை. இது சாக்சனிக் கலைஞனின் சொந்தக் கண்டுபிடிப்பு. அவன் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இந்தக் கதவை வார்த்த முறை இது: முதலில் மெழுகில் உருவம். மேலே களிமண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடும். அந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலம் பாயும். இத்தனை பெரிய அச்சில் ஒரு மூலைக்கு வெண்கலம் எட்டாமல் ஆறிவிட்டால், மாதக்கணக்கான உழைப்பு வீண். இந்த ஆபத்தை இருமுறை துணிந்து கடந்திருக்கிறார்கள்.

பிறகு கதவின் நடுவே பொறித்த எழுத்து, 1015ஆம் ஆண்டையும் பெர்ன்வர்ட் பெயரையும் சொல்கிறது. ரோம் அதோடு அவரை விடவில்லை. அந்நகரில் போர்வெற்றியைச் சுருள் சுருளாகச் சொல்லும், பேரரசர் திராயானின் தூண் வடிவை எடுத்து, அதில் இயேசுவின் வாழ்வை 24 காட்சிகளில் சுற்றி வார்க்கச் செய்தார். அந்த வெண்கலத் தூணும் இன்று அதே பேராலயத்தில் நிற்கிறது.