கேஸ் லைட்டிலிருந்து கேஸ் அடுப்புக்கு

1984-ல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டை வாடகைக்கு விடுகிறவர் ஒரு சைக்கிள் கடைக்காரர். கவுண்டமணியும் செந்திலும் ஒரு மேண்டிலை வைத்து அடித்த கூத்தில் இந்த விவரம் யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. தமிழகத்தின் எரிபொருள் தொழில்களைப் பற்றி எழுத உட்காருகிறவருக்கோ அது நல்ல சாட்சி. சைக்கிள் கடையில் காற்றடிக்கும் பம்ப் இருக்கும், தோல் வாஷர் இருக்கும், எங்கே காற்று கசிகிறது என்று டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிற பழக்கம் இருக்கும். பெட்ரோமாக்ஸைக் கட்டி மேய்க்க வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் ‘கேஸ் லைட்’ கொடுத்தவர்கள் எந்தப் பயிற்சி நிலையத்திலும் படித்துவிட்டு வரவில்லை; கையிலிருந்த ஒரு தொழிலின்மேல் இன்னொன்றைச் சீக்கிரமாக ஏற்றிக்கொண்டார்கள். இன்று கேஸ் மெக்கானிக் ஆகச் சில வாரப் பயிற்சி போதும் என்று விளம்பரம் வந்தால், இதெல்லாம் ஒரு படிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, குறிதான் தவறுகிறது. எரிபொருள் மாறிய போதெல்லாம் குறுகிய பயிற்சிதான் நடந்திருக்கிறது. கற்க வந்தவர் கையில் ஏற்கெனவே என்ன இருந்தது, கற்றபின் அவர் வேலையை யார் சோதித்தார்கள் என்ற இரண்டு கேள்விகளும் பயிற்சி எத்தனை நாள் என்ற கேள்வியைவிட முக்கியமானவை.

பரம்பரையாக வந்தால்தான் தொழில் என்று வாதிடுவோருக்குத் திருவண்ணாமலையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் மகாதீபத்துக்கு ஏறக்குறைய 3,500 கிலோ நெய்யும் 1,000 மீட்டர் காடாத் துணியும் ஆகின்றன. ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. கார்த்திகை மழையிலும் மலைக்காற்றிலும் ஒரு கொப்பரைத் தீயைப் பதினொரு நாள் காப்பது லேசான வேலை இல்லை. அதற்குப் பாடத்திட்டம் எழுதியவரும் யாரும் இல்லை. பெரியவர்களோடு மலையேறிய பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றார்கள். இது மறுக்க முடியாத உண்மை. ஆனால் இந்தக் கல்வி ஏன் இத்தனை தலைமுறை செல்லுபடியானது என்று யோசித்தால் காரணம் எளிது: நெய் நெய்யாகவே இருக்கிறது, திரி திரியாகவே இருக்கிறது, கொப்பரை புதிதாகச் செய்யப்பட்டாலும் கொப்பரைதான். தாத்தா கற்ற பாடம் பேரனுக்கு அப்படியே பொருந்துகிறது. எரிபொருள் மாறாத இடத்தில் பரம்பரைக் கல்வியை மிஞ்ச எதுவும் இல்லை. அதையே ஊரில் உள்ள எல்லா அடுப்புக்கும் விளக்குக்கும் நீட்ட முடியாது.

அந்தப் பழைய ஏற்பாட்டிலும் வெறும் நம்பிக்கையின்மேல் எதையும் விட்டுவிடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. சோழர் காலத்தில் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க ஆடு விட்ட செய்தியைக் கல்வெட்டுகள் சலிக்காமல் சொல்கின்றன. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதி வைத்தார்கள். ஆடு கிழடானாலும் செத்தாலும் மந்தையின் கணக்கு குறையக் கூடாது என்பது ஏற்பாடு. தஞ்சைப் பெரிய கோயிலில், யார் ஆடு பெற்றார், அவர் தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்பது வரை ஊரும் பேருமாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கக் கற்றுக்கொடுக்கக் கோயிலுக்கு அவசியமே இருக்கவில்லை, அது இடையரின் குலத்தொழில். விளக்கு எரிகிறதா, நெய் வந்ததா என்று கேட்பதற்கு மட்டும் ஒரு பெயர் தேவைப்பட்டது.

மண்ணெண்ணெய் வந்ததும் இந்த ஒழுங்கு குலைந்தது. கேஸ் லைட் என்று நாம் சொன்ன விளக்குக்குள் கேஸ் கிடையாது. பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் 1910 வாக்கில் உருவாக்கிய இந்த விளக்கில் அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி, அதில் கைப்பம்ப். முதலில் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி மேலே உள்ள குழாயைச் சூடாக்க வேண்டும். சூடு ஏறியபின் காற்றடித்தால் எண்ணெய் மேலேறி, ஆவியாகி, நாசிலின் ஊசித்துளை வழியே சீறிக்கொண்டு வந்து, காற்றோடு கலந்து மேண்டிலுக்குள் எரியும். அவசரப்பட்டால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீச்சும். விளக்கு புகைந்து தீப்பந்தமாகிவிடும். துளை அடைத்தால் ஊசியைத் திருப்ப வேண்டும். அழுத்தம் குறைந்தால் பம்பின் தோல் வாஷருக்கு எண்ணெய் காட்ட வேண்டும். மேண்டில் ஒரு தடவை எரிந்தபின் வெறும் சாம்பல் கூடு, விரல் பட்டால் உதிரும். அந்தச் சாம்பல் ஏறக்குறைய முழுதும் தோரியம் ஆக்ஸைடு, ஒரு சதவீதம் போல சீரியம் ஆக்ஸைடு. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட்டைக் கண்டுபிடித்ததும், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கப்பலேறத் தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்து மணல் ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்குள் ஒளிர்ந்தது.

கரண்ட் பரவியதும் கேஸ் லைட்டுக்காரர்களின் வருமானம் திருவிழா, துக்கவீடு, மின்வெட்டு என்று சுருங்கியது. அதே நாசில், வாஷர், பம்ப் அறிவு சமையலறையில் பம்ப் ஸ்டவ்வுக்கு இடம் மாறிற்று. பிறகு வந்தது சிலிண்டர். பர்மா ஷெல் 1955-ல் மும்பையில் ‘பர்ஷேன்’ என்ற பெயரில் சமையல் எரிவாயுவைக் கொண்டுவந்தது. 1965-ல் இண்டேன் வந்தது. நெடுங்காலம் அது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வசதி. தமிழகத்தில் 2007-ல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், நாடு முழுவதும் 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டமும்தான் விறகடுப்பு வீடுகளுக்குள் சிவப்பு சிலிண்டரைக் கொண்டுபோய் வைத்தன. அடுப்பு பெருகிய வேகத்தில் அதைப் பழுது பார்க்கிறவர்கள் பெருகவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ‘அடுப்பு ரிப்பேர்’ என்று தெருத்தெருவாகக் குரல் கொடுத்துப் போன பழைய ஸ்டவ் கைகள். ஜெட்டில் அடைப்பு எடுப்பது, காற்றுத்துளையைச் சரிசெய்து மஞ்சள் சுடரை நீலமாக்குவது, பர்னரைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். தெரியாத பகுதி சிறியது, ஆனால் ஆளைக் கொல்லும் பகுதி அதுதான். மண்ணெண்ணெய் கசிந்தால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். கேஸ் கசிந்தால் தெரியாது. அதற்காகவே நாற்றமடிக்கும் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். பம்ப் ஸ்டவ்வில் அழுத்தத்தை மனிதன் ஏற்றினான், வேண்டாமென்றால் திறந்துவிட்டான். சிலிண்டரில் அழுத்தம் உள்ளேயே இருக்கிறது. அதை ரெகுலேட்டர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிராம் அளவுக்கு அடக்கித் தருகிறது. ரெகுலேட்டரைப் பிரித்து நோண்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். எதையும் பிரித்துப் பார்த்துவிடும் பழக்கமே பழைய தொழிலாளியின் பலம். இங்கே அதுவே ஆபத்தாகிறது. ஆகவே அவருக்கு இரண்டு வருடப் படிப்பு தேவையில்லை. எதைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தரும் சில வாரப் பயிற்சி நிச்சயம் தேவை.

உயிரோடு விளையாடுகிற வேலையைச் சில வாரத்தில் கற்றுக்கொடுப்பதா என்று கேட்பவர்களுக்கு வரலாற்றில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று நம் நாட்டிலேயே. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் போதாமல் 1940-ல் அரசு போர்க்காலத் தொழிற்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல், பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் பெவின் பெயரில் வந்த திட்டத்தில் இந்தியத் தொழிலாளர்கள் அங்கே போய்ச் சில மாதம் பயின்று திரும்பினார்கள். போர் முடிந்ததும் படையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு வேலை தேடித் தரவும் தொழில் கற்பிக்கவும் 1945-ல் ஓர் இயக்குநரகம் அமைந்தது. அன்று திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த வட ஆற்காடு, படைக்கு ஆள் தந்ததில் பெயர்போன மாவட்டம். 1950-ல் வந்த கைவினைஞர் பயிற்சித் திட்டம் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்ததுதான். சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பரில் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. ஊர் ஊராக உள்ள ஐடிஐ-க்களின், திருவண்ணாமலை அரசு ஐடிஐ உட்பட, கொடிவழி போர்க்கால அவசரப் பயிற்சியில் போய் முடிகிறது. ஃபிட்டருக்கு இரண்டு வருடம் என்ற இன்றைய மரியாதையான அளவு, மாதக்கணக்குப் பயிற்சியிலிருந்து பிறந்தது என்பதைக் குறும்பாகவேனும் நினைவூட்டலாம்.

இன்னொரு பதில் பிரிட்டனில். நிலக்கரியிலிருந்து எடுத்த டவுன் கேஸை எரித்த அந்த நாடு, வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் 1967 முதல் 1977 வரை பத்தாண்டில் ஏறக்குறைய 1.3 கோடி வாடிக்கையாளர்களை வீடு வீடாக மாற்றியது. புதிய வாயுவுக்கு வெப்பம் இரண்டு மடங்கு. பழைய பர்னரில் விட்டால் ஒழுங்காக எரியாது. ஒவ்வொரு அடுப்பிலும் ஹீட்டரிலும் ஜெட்டை மாற்ற வேண்டும். இத்தனை வேலைக்குத் தேர்ந்த ஃபிட்டர்கள் எங்கே கிடைப்பார்கள்? ஒப்பந்தக் கம்பெனிகள் புதியவர்களைப் பிடித்துச் சில வாரம் பழக்கி இறக்கின. பகுதி பகுதியாக நடந்ததால் ஒரு தெருவில் செய்த தவறு அடுத்த தெருவில் திருந்தியது. மக்கள் பயந்தார்கள், நாளிதழ்களும் விடவில்லை. 1970-ல் பேராசிரியர் மார்ட்டன் தலைமையில் நடந்த பாதுகாப்பு விசாரணையிலும் மாற்றத்தை நிறுத்தச் சொல்லும்படி எதுவும் வரவில்லை. அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை, 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்ததில் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் இறந்தார்கள். அடுப்போடு குழாயை இணைத்த தரம் குறைந்த பித்தளை நட்டு விசாரணையில் அகப்பட்டது. கட்டடத்தின் பலவீனம் வேறு கதை. அதன்பின் 1970-ல் கேஸ் வேலை செய்கிறவர்களுக்கான பதிவேடு தொடங்கி, 1991-ல் கட்டாயமாகி, 2009 முதல் கேஸ் சேஃப் என்ற பெயரில் நடக்கிறது. நட்டைப் பொருத்தியவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்தது அந்தப் பதிவேடு.

இந்த அளவுகோலால் இன்றைய திட்டங்களை அளந்தால் குறை வேறு இடத்தில் தெரிகிறது. 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் குறுகிய வகுப்புகள் உண்டு, ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தருகிற ஏற்பாடும் உண்டு. 2016-ல் ஹைட்ரோகார்பன் துறைக்கென்று திறன் கவுன்சில் வந்தது. எல்பிஜி மெக்கானிக் வேலைக்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதே 2016-ல் அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு, குறுகிய வகுப்புகளின் தரத்தையும் துறைக் கவுன்சில்களில் இருந்த நலன் முரண்களையும் கடுமையாகவே சாடியது. என் பார்வையில் பெரிய கோளாறு வகுப்பின் நீளத்தில் இல்லை. ஸ்பேனர் பிடித்தே பழகாத இருபது வயதுப் பையனுக்கும் முப்பது வருடம் ஸ்டவ் பார்த்தவருக்கும் கையில் வருவது ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள சான்றிதழ்; வெளியே வந்தபின் இருவர் வேலையையும் பார்க்க ஆளில்லை. கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் செய்தால் ஏஜென்சி பதில் சொல்லும். தெருவில் வந்தவர் செய்தால் யாரும் இல்லை. வீட்டு கேஸ் வேலை செய்கிற ஒவ்வொருவரும் பெயர் பதிந்தாக வேண்டும் என்ற சட்டம் இங்கே கிடையாது.

பதிவேடு என்றாலே ஏழைத் தொழிலாளியை விரட்டும் அதிகாரிகளின் இன்னொரு கருவிதானே என்ற ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. லைசென்ஸ் என்ற சொல் இந்த நாட்டில் லஞ்சத்தோடு கைகோத்தே நடந்திருக்கிறது. கட்டணமும் ஆங்கிலப் படிவமும் வைத்தால் ரிப்பேர்க்காரர் ஒளிந்துகொள்வார், வேலை நிற்காது. ஆனால் மாற்று வழி என்ன? திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் அன்னதானத்துக்கு அனுமதி தரும்போது, கிரிவலப் பாதையில் சமைக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிற வழிதான். லட்சக்கணக்கானவர்கள் நடக்கிற ஒரு நாளுக்கு அது சரி. அந்த 14 கிலோமீட்டரிலும் மற்ற நாட்களில் டீக்கடையும் டிபன் கடையும் 19 கிலோ சிலிண்டரை வைத்துத்தான் நடக்கின்றன. தடை போட்டு நடத்த முடியாத தொழிலை ஆள் அறிந்து நடத்த வேண்டும். தமிழில் கேட்டு, கையால் செய்யச் சொல்லி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சோதித்து, கட்டணம் இல்லாமல் பெயரை எழுதிக்கொள்வது ஏஜென்சிகளும் ஐடிஐ-யும் சேர்ந்தால் செய்யக்கூடியதுதான். அப்படிப் பதிந்தவரை முதல் ஆறு மாதம் அனுபவசாலி ஒருவரின் கீழ் விட்டால் சில வாரப் பயிற்சியின் போதாமையும் பெருமளவு அடங்கிவிடும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. எண்ணூரில் 2019-ல் இயற்கை எரிவாயு முனையம் வந்தபின் தமிழகத்தில் குழாய்கள் மாவட்டம் மாவட்டமாக நீள்கின்றன. சிலிண்டர் கேஸுக்குத் துளையிட்ட ஜெட், குழாயில் வரும் வாயுவுக்குப் போதாது. அழுத்தமும் வேறு, எரியும் விதமும் வேறு. பிரிட்டன் பத்தாண்டில் செய்த அதே வேலை, வீட்டுக்கு வீடு, அடுப்புக்கு அடுப்பு, இங்கேயும் நடந்தாக வேண்டும். அதற்கான ஆட்களைக் குறுகிய வகுப்பில்தான் தயாரிப்பார்கள், வேறு வழியும் இல்லை. முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்கள் பம்ப் ஸ்டவ் காலத்திலிருந்து நாசில் பார்த்து வருகிறவர்கள். அவர்களில் பலரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்காது. சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்காமல் விடுவார்களா என்பதில்தான் முதல் சிக்கல் வரும்.