மட்டாஞ்சேரியின் தரைகளும் சுவர்களும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ளலங்காரக் கலை மிளகு வணிகத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனையை, 1663இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் செப்பனிட்டனர். டச்சு அரண்மனை என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கட்டியவர் ஐரோப்பியரானாலும் அமைப்பு, நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் கொண்ட கேரள நாலுகெட்டே. நடுமுற்றத்தில் பழையனூர் பகவதி கோயில். பள்ளியறைச் சுவர்களில் இராமாயண ஓவியங்கள். எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது தரை. கரும்பளிங்குபோல் பளபளக்கும் அது, சுட்ட தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கலந்து இழைத்தது. விலையுயர்ந்த கல் ஏதுமின்றி, தோப்பிலும் அடுக்களையிலும் கிடைப்பதைக் கொண்டே இந்த மினுக்கத்தை வரவழைத்த கொத்தர்களின் கைத்திறன் போற்றத்தக்கது.

அருகிலுள்ள பரதேசி யூதத் தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் அதன் தரைக்குக் கையால் தீட்டிய நீல வெள்ளை ஓடுகள் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தன. மேலே பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன.

1948இல் இஸ்ரேல் உருவான பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். தொழுகைக்கூடம் இருக்கும் யூதத் தெருவின் மசாலாக் கிடங்குகள் பல பழம்பொருள் கடைகளாக மாறின. இடிக்கப்பட்ட தறவாடுகளின் (பூர்வீகக் குடும்ப வீடுகளின்) மரத்தூண்கள், செதுக்கிய கதவுகள், நெல் சேமித்த பத்தாயங்கள் அங்கே வந்து சேர்கின்றன. பின்பு புதிய வீடுகளின் கூடங்களுக்கும் விடுதிகளின் வரவேற்பறைகளுக்கும் விலைபோகின்றன.