ஆயிரங்கால் என்னும் பெயர்



எங்கள் காஞ்சியில், வரதராசப் பெருமாள் கோயிலில் நூற்றுக்கால் மண்டபம் ஒன்று உண்டு. எண்ணிப் பார்த்தால் தூண்கள் 96. பெயர் வேறு, எண்ணிக்கை வேறு என்பதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன்.

ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், மரவட்டைக்கு ஆயிரம் கால்கள் என்று கரும்பலகையில் எழுதினேன். நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன், குழித்தறியின் பள்ளத்தில் பிடித்த மரவட்டையைத் தீப்பெட்டியில் கொணர்ந்து, "ஐயா, எண்ணினேன், இருநூறுகூட இல்லை" என்றான். பாவு இழைகளை எண்ணிப் பழகிய கண் அது. நானோ புத்தகத்தைக் காட்டி அவனை உட்காரச் செய்தேன். பிழை என்னுடையது.

அவன் செய்த வேலையையே விரிவாகச் செய்தவர்களின் வரலாறு ஒன்று உண்டு. 1916-இல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை தோன்றிற்று. அதன் அறிஞர்களான ஸ்டான்லி கெம்ப்பும் சோப்ராவும் 1922-இல் காரோ மலையின் சிஜு குகையை ஆராய்ந்தனர். அன்று அசாமில் இருந்த அம்மலை இன்று மேகாலயத்தில் உள்ளது. சுண்ணாம்புப் பாறையை நீர் அரித்து உண்டான அக்குகையில் ஓடை ஓடுகிறது. வௌவால்கள் கூட்டமாக வாழ்கின்றன. திரட்டிய உயிர்களைப் பற்றிய கட்டுரைகள் 1924-இல் வெளிவந்தன. மரவட்டை முதலிய பலகாலிகளை ஆராய்ந்து எழுதியவர் பிலிப்போ சில்வெஸ்திரி என்னும் இத்தாலிய அறிஞர்.

கதிரொளி புகாத குகையில் பசுந்தாவரம் வளராது. அங்கே மரவட்டைக்கு உணவு ஏது? வௌவால் எச்சம், வெள்ளம் கொணரும் சருகு, அவற்றில் படரும் பூஞ்சை ஆகியவையே. தலைமுறை தலைமுறையாக இருளில் வாழும் இனங்கள் பல, நிறம் வெளுத்துக் கண்ணிழந்து, உணர்கொம்பு நீண்டு காணப்படும்.

இவற்றை வகைப்படுத்துவது எங்ஙனம்? பூரானுக்கு வளையத்துக்கு ஓரிணைக் கால். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் ஈரிணை. வகுப்பைப் பிரிக்க இது போதும். இனத்தைப் பிரிக்கப் போதாது. ஆண் மரவட்டையின் ஏழாம் வளையத்துக் கால்கள், பெரும்பாலான வகைகளில், இனப்பெருக்க உறுப்பாக மாறியுள்ளன. சாவிகளைப் போல அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும். அவற்றை உருப்பெருக்கியில் கண்டே அறிஞர் முடிவு கூறுவர்.

மெய்யாகவே ஆயிரங்கால் உடையது உண்டா? கலிபோர்னியாவில் 750 கால்கள் கொண்ட இனமே நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது. 2021-இல், மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தைத் துளைத்த ஆழ்துளையில் கிடைத்த புதிய இனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. நூலிழை போன்ற, கண்ணில்லாத அவ்வுயிருக்கு 1,306 கால்கள்!

ஓர் இனத்துக்கு ஒரே குகைதான் உறைவிடமாக இருத்தல் கூடும். சுண்ணாம்புக்கல்லுக்காக அக்குகையை வெட்டிவிட்டால், பெயர் பெறுமுன்னரே அவ்வினம் மறைந்துபோகும். ஆதலின் எண்ணுவோர் விரைந்து எண்ண வேண்டும்.

அச்சிறுவனிடம் சொல்லத் தவறியதை உங்களிடம் சொல்கிறேன்: புத்தகத்தைப் படியுங்கள், பிறகு தீப்பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.